ஹட்டன்ல சொக்கட் கழுவி கிரீஸ் போட்டுக் குடுக்குற வயரிங் பாஸ்: ஒரு வருசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிர்றேன், இது பைக்க பத்தின ரிவியூ இல்ல, பைக்குக்குள்ள வயரும் வயரும் வந்து சேர்ற எடத்த பத்தினது. அந்த வெரல் நுனி அளவு பிளாஸ்டிக் சொக்கட்டுக்கு ஒரு ரிவியூவான்னு சிரிப்பீங்க, போன வருசம் வரைக்கும் நானும் சிரிச்சிருப்பேன், அதுக்கப்புறம் முப்பதாயிரம் ரூவா போச்சி, சிரிப்பும் போச்சி.

எனக்கு சேல்ஸ் வேல. இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியான்னு தோட்டத்து கடைகளுக்கெல்லாம் போய் பிஸ்கட், சவுக்காரம் ஓடர் எடுக்குறது, வாரத்துல ஒரு நாள் வட்டவளை, கினிகத்தேனை பக்கம். வட்டவளை தெரியும்ல, வருசத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல மழ பேயிற எடம், மே மாசம் தொடங்குனா செப்டம்பர் வரைக்கும் வானம் மூடுனது மூடுனபடி. மழ இல்லாத நேரம் பனி மூட்டம், அது மழய விட மோசம், மழ மேல இருந்துதான் வரும், பனி எல்லா பக்கத்துல இருந்தும் வந்து சந்து பொந்தெல்லாம் நொழையும்.

பைக் 150 சிசி, 2014 மாடல், 2019ல செக்கன் ஹேன்ட் வாங்குனது. மாத்திருவோம்னு நெனைக்கிறப்ப 2020 மார்ச்ல வாகன எறக்குமதிய நிப்பாட்டிட்டாங்க, அது 2025 பெப்ரவரி வரைக்கும் இழுத்துச்சி, அதுக்குள்ள பழைய பைக் வெல எங்கயோ போயிருச்சி, அதனால இருக்குறத கட்டி இழுக்குறதத் தவிர வேற வழி இல்ல. அதுக்கு நடுவுல 2022ல பெற்றோல் இல்லாம கியூஆர் அட்ட வந்துச்சே, பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர்னு, அந்த நேரம் எங்க பைக்கெல்லாம் லயத்துக்கு பின்னால தகரத்துக்கு கீழ தறப்பாள் போட்டு மாசக்கணக்கா சும்மா நின்னுச்சி. அப்ப அது நல்லா ரெஸ்ட் எடுக்குதுன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, ஓடுற பைக்காவது இஞ்சின் சூட்டுல கொஞ்சம் காயும், நிக்கிற பைக்குக்குத்தான் உள்ளுக்குள்ள இருக்குற செம்புல பச்ச பூக்கும்.

கதைக்கு வர்றேன். போன வருசம் ஜூன், வட்டவளைக்கு இங்கிட்டு, பின்னேரம் நாலு மணி, முன்னால போற லொறியோட பின் லைட்டு கூட தெரியாத பனி. ஹெட்லைட் மெல்ல மெல்ல மஞ்சளாகி குப்பி லாம்பு மாதிரி ஆச்சி, ஹோன் அடிச்சா கோழிக்குஞ்சு கத்துற மாதிரி, சிக்னல் லைட்டு எரிஞ்சது எரிஞ்சபடி நின்னுச்சி, அப்புறம் இஞ்சினும் படுத்துருச்சி. தள்ளிக்கிட்டே ஒரு தேத்தண்ணி கடைக்கு வந்து, கடைக்கார அக்காகிட்ட பைக்க விட்டுட்டு பஸ்ல வீட்டுக்கு.

அடுத்த நாள் ஒரு கராஜ். பெட்டரி அவுட்டுன்னாங்க, புதுசு 11,500. பத்து நாள்ல திரும்ப அதே கத. இன்னொரு கராஜ், ரெகுலேட்டர், அதான் பெட்டரிக்கு போற கரண்ட அளவா அனுப்புற சாமான், அது அவுட்டுன்னாங்க, 5,800. ரெண்டு கெழம நல்லா ஓடுச்சி, திரும்பவும் அதே கோழிக்குஞ்சு. அப்புறம் இஞ்சினுக்குள்ள கரண்டு உண்டாக்குற கொயில கட்டணும்னு சொல்லி இஞ்சின் மூடிய கழட்டி கொயில் கட்ட 7,500, கூலி, கேஸ்கட், ஒயில் எல்லாம் சேத்தா முப்பதாயிரம் கிட்ட. யாரு எவருன்னு எழுத போறதில்ல, அவங்களும் வேணும்னு ஏமாத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன், சாமான மாத்துறப்ப சொக்கட்ட கழட்டி திரும்ப சொருகுறாங்கல்ல, அந்த உரசல்ல கொஞ்ச நாள் கரண்டு ஒழுங்கா போகும், அவங்களும் சரியாயிருச்சின்னு நெனச்சிக்குவாங்க நாமளும் நெனச்சிக்குவோம்.

கடைசில ஒரு திரீவீல் தம்பி சொல்லித்தான் வயரிங் வேல மட்டும் செய்யிற இந்த பாஸ்கிட்ட, அதான் மெக்கானிக்கிட்ட, போனேன். கடைக்கு போர்டு கெடையாது, பேரும் நம்பரும் எங்கயும் போடக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு, "இருக்குற வேலையே முடியல தம்பி, நீங்க வேற"ன்னு. ஹட்டன் டவுன்ல திரீவீல் ஓட்டுறவங்ககிட்ட வயரிங் மட்டும் பாக்குற பாஸ்னு கேட்டா கையக் காட்டுவாங்க.

நான் பெட்டரி, ரெகுலேட்டர், கொயில்னு மாத்துன லிஸ்ட்ட ஒப்பிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சாமான் ஒண்ணும் சாகல தம்பி, சந்திதான் செத்துருக்கு"ன்னாரு. எனக்கு வெளங்கல. சீட்ட கழட்டுனாரு, பைக்க ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் பண்ண சொன்னாரு, மல்டிமீட்டர வச்சி ரெகுலேட்டர் வாய்ல அளந்தாரு, 14.3 வோல்ட். பெட்டரி முனையில அளந்தாரு, 12.4. ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது ஒரே ஒரு வயரும் ஒரு சொக்கட்டும் ஒரு பியூஸும்தான். அப்புறம் மீட்டரோட ரெண்டு முள்ளையும் அந்த சொக்கட்டோட ரெண்டு பக்கமும் வயர் நொழையிற ஓட்டைக்குள்ள பின்பக்கமா சொருகுனாரு, 1.8ன்னு காட்டுச்சி. "இது 0.2க்கு மேல போகவே கூடாது, இங்கதான் ஒங்க காசெல்லாம் எரியுது"ன்னாரு.

எரியுதுன்னு அவரு சொன்னது சும்மா பேச்சுக்கு இல்ல. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டு பாத்தேன், 1.8 வோல்ட், அதுல 5 அம்பியர் போகுதுன்னு வைங்க, 9 வாட். நம்ம காம்பராவுல எரியிற எல்ஈடி பல்பு ஒண்ணு இழுக்குற கரண்டு, அம்புட்டும் அந்த சின்ன சொக்கட்டுக்குள்ள சூடா மாறுது. சூடாக சூடாக சொக்கட்டுக்குள்ள கரண்டு கடத்துற பித்தள பின்னோட ஸ்பிரிங் தளரும், தளர்ந்தா இன்னும் சூடாகும், அதான் கழட்டுனப்ப வெள்ள பிளாஸ்டிக் ரொட்டி கருகுன நெறத்துக்கு வந்திருந்துச்சி, ஒரு பின் பிளாஸ்டிக்கோட ஒட்டியே போச்சி.

இந்த மனுசன்ட்ட எனக்கு பிடிச்சது, அவரு சொக்கட்ட தொறந்து கலர பாத்தே கத சொல்லுவாரு. பச்சயா இருந்தா தண்ணி நொழஞ்சி செம்பும் பித்தளையும் பூத்துருக்கு. பழுப்பா கருகிருந்தா சூடு, அதாவது பின் லூசு. வெள்ளையா மாவு மாதிரி இருந்தா, அதுவும் பெட்டரி பக்கம்னா, அசிட் ஆவி. அன்னைக்கு பக்கத்துல நின்ன இன்னொரு பைக்க தொறந்தா நல்ல நீலம், மயில் கழுத்து மாதிரி, "நீங்க உர மூட்ட ஏத்துறீங்களா"ன்னு கேட்டாரு, அந்த அண்ணன் முழிச்சிட்டாரு. மரக்கறி தோட்டத்துக்கு வாரா வாரம் உரம் ஏத்துறவராம், ஓட்ட சாக்குல இருந்து கொட்டுன அமோனியா உரம் மழத்தண்ணியோட கரஞ்சி வயருக்குள்ள எறங்கிருக்கு. பித்தளைக்கு அமோனியா ஆகவே ஆகாது, நீலமாக்குறதோட நிக்காம பின்ன வெடிக்க வச்சிரும். டொக்டர் நாக்க நீட்ட சொல்லி பாக்குற மாதிரி இருந்துச்சி எனக்கு.

வேல செய்யிற மொற எப்படின்னா, மொதல்ல பெட்டரியோட நெகட்டிவ் வயர கழட்டி ஓரமா ஒதுக்குவாரு. அப்புறம் ஹெட்லைட்டுக்கு பின்னால இருந்து ஆரம்பிச்சி, ஹேன்டில் கழுத்துக்கிட்ட, டேங்குக்கு கீழ, சீட்டுக்கு கீழ, பின் மட்காட்டு வரைக்கும் ஒவ்வொண்ணா. என் பைக்ல மொத்தம் 23 சொக்கட் இருந்துச்சி, நான் ஏழோ எட்டோ இருக்கும்னு நெனச்சிருந்தேன். வயர பிடிச்சி இழுக்கவே மாட்டாரு, நாக்கு மாதிரி இருக்குற லொக்க பெருவெரலால அமத்தி பிளாஸ்டிக்க பிடிச்சித்தான் இழுப்பாரு, ஒரு பொடியன் வயர பிடிச்சி இழுத்துட்டான்னு அவன் காது கிழிய ஏசுனத நானே பாத்தேன்.

கழட்டுனதும் கொன்டாக்ட் கிளீனர்னு பின்ன கழுவுற ஸ்பிரே ஒண்ண அடிச்சி, பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சி, திரும்பவும் அடிப்பாரு. ரொம்ப பச்சையா இருந்தா மட்டும் நைசான வோட்டர் பேப்பர, அதான் தேய்க்கிற உப்புத்தாள, மெல்லிசா வெட்டி மடிச்சி ஒரு தேய் தேய்ப்பாரு, அதுக்கு மேல இல்ல, ஏன்னா பின்னுக்கு மேல தகர பூச்சு ஒண்ணு இருக்காம், அத சொரண்டிட்டா உள்ள இருக்குற பித்தள வெளிய வந்துரும், அப்புறம் அடுத்த மழைக்கே பச்ச. அதுக்கப்புறம் செய்யிற வேலைய நான் வேற எந்த கராஜ்லயும் பாத்ததில்ல. கையில ஒரு தனி ஆண் பின் வச்சிருக்காரு, பொண் பின்னு ஒவ்வொண்ணுலயும் அத சொருகி இழுத்து பாப்பாரு, பிடிமானம் இருக்கான்னு. லேசா வந்துட்டா ஊசி முனையால அமத்தி இறுக்கி திரும்ப பாப்பாரு. கண்ணுக்கு பளபளன்னு சுத்தமா இருக்குற சொக்கட்டே இப்படி லூசா இருந்து ஆட்டத்துல கருகுமாம், நம்ம தோட்டத்து ரோட்டுல ஆட்டத்துக்கு கொறச்சலா.

வயரோட நுனி கறுத்துருந்தா அதோட விடுறதில்ல. தண்ணி சொக்கட்டோட நிக்காது, விளக்கு திரி எண்ணெய இழுக்குற மாதிரி வயருக்குள்ள ஊறி மேல ஏறும், வெளி ரப்பர் புதுசு மாதிரி இருக்கும், உள்ள செம்பு கரி மாதிரி இருக்கும். வெட்டி வெட்டி செம்பு பளிச்சின்னு தெரியிற வரைக்கும் போவாரு, என் பின் லைட்டு வயர்ல ரெண்டு அங்குலம் போச்சி, அதுக்கு புது துண்டு சேத்து புது பின் அமத்துனாரு. ஈயம் வச்சி பத்த வைங்களேன்னு நான் பெரிய ஆளு மாதிரி சொன்னேன், பத்த வச்சா ஈயம் இழைக்குள்ள ஓடி கம்பி மாதிரி வெரச்சிக்கும், அந்த வெரச்ச எடம் முடியிற எடத்துலயே ஆட்டத்துக்கு ஒடியும்னாரு. வாய மூடிக்கிட்டேன்.

பெறகு காய வைக்கணும். ஹட்டன்ல ஜூன் மாசம் பனியன் காயவே மூணு நாள், சொக்கட் எங்க காயும், அதுக்கு அவரு சம்சாரத்தோட ஹெயார் டிரையர் ஒண்ணு கடையிலயே நிரந்தரமா இருக்கு.

கடைசியாத்தான் கிரீஸ். இதுல நெறைய பேருக்கு கொழப்பம், எனக்கும் இருந்துச்சி. டைஎலெக்ட்ரிக் கிரீஸ்னு விக்கிற சிலிக்கன் கிரீஸ் கரண்டு கடத்தாது, அது ஒரு இன்சுலேட்டர். அப்ப அத பின்ல போட்டா கரண்டு எப்படி போகும்னா, ஆண் பின் பொண் பின்னுக்குள்ள இறுக்கி நொழையிறப்ப முட்டுற எடத்துல கிரீஸ் வழிச்சிக்கிட்டு வெலகிரும், இரும்போட இரும்பு முட்டுற மாதிரி பின்னோட பின் முட்டும், சுத்தி இருக்குற இடைவெளி மட்டும் கிரீஸால நெறஞ்சிரும், தண்ணிக்கும் காத்துக்கும் எடம் இல்ல. அதனாலதான் பின் லூசா இருந்தா கிரீஸ் போட்டு பிரயோசனம் இல்ல, மொதல்ல பிடிமானம், அப்புறம்தான் கிரீஸ். அளவும் ஒரு பின்னுக்கு அரிசி மணி போதும், கேக்குக்கு ஐசிங் போடுற மாதிரி போட ஏலாது. ஹோன் சுவிச், ஸ்டார்ட் சுவிச் உள்ள தீப்பொறி தெறிக்கிற எடத்துக்கு இந்த கிரீஸ் போடவே மாட்டாரு, பொறியில சிலிக்கன் எரிஞ்சா கண்ணாடி மாதிரி படிஞ்சி சுவிச்சையே கெடுத்துருமாம்.

திரும்ப மாட்டுறப்ப சொக்கட்டோட வாய் மேல பாக்காம கீழயோ சைட்டுக்கோ பாக்குற மாதிரி வச்சி, வயர ஒரு வளைவு கீழ எறக்கி விட்டு கட்டுறாரு. தகரத்து ஓரத்துல மழத்தண்ணி சொட்டுற மாதிரி வயர் வழியா வர்ற தண்ணி அந்த வளைவுல சொட்டிரும், சொக்கட்டுக்கு போகாது. அஞ்சு சதம் செலவில்லாத வேல.

சரி, சாமான்கள பத்தியும் சொல்லிர்றேன், ஏன்னா இதுக்கு முன்ன நானும் எல்லா கூத்தும் ஆடிருக்கேன். டபிள்யூ டி 40 வாராவாரம் அடிச்சவன் நான். அது கெட்ட சாமான் இல்ல, ஆனா பேர்லயே இருக்கு, வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், தண்ணிய வெரட்டுறதுக்கு 1953ல அமெரிக்காவுல செஞ்சது, நாப்பதாவது தடவதான் சரி வந்துச்சின்னு அந்த 40. நனஞ்சி நின்னுபோன பைக்க அந்த நேரத்துக்கு கெளப்பி வீடு வந்து சேர அருமையான சாமான், ஆனா அதோட மெல்லிசான படலம் வட்டவளை மழைக்கு எத்தன நாளைக்கு நிக்கும். அதே பேர்ல கொன்டாக்ட் கிளீனரும் தனி டின்ல வருது, அது வேற இது வேற, டின்ன திருப்பி வாசிச்சிட்டு வாங்குங்க, நான் ஒருக்கா மாத்தி வாங்கிட்டு வந்தேன்.

வாஸ்லின் எங்க தாத்தா காலத்து வைத்தியம், பெட்டரி முனைக்கு இப்பவும் நான் அதத்தான் பூசுறேன், ஆனா இஞ்சின் பக்கத்து சொக்கட்டுக்கு போட்டா சூட்டுல உருகி ஓடிரும். சிலிசிலி பேக், அதான் பொலித்தீன் பை, சுத்தி ரப்பர் பேண்ட் போடுறது நம்ம ஆளுங்களோட தேசிய தொழில்நுட்பம், மழ உள்ள போகாதுதான், ஆனா பனி உள்ள போய் தண்ணியாகி வெளிய வர வழி இல்லாம சொக்கட் பேக்குக்குள்ள ஊறிக்கிட்டு கெடக்கும். இன்சுலேஷன் டேப்பும் அதே கததான், ரெண்டு வருசத்துல பசை கக்கி கையெல்லாம் பிசுபிசு.

எல்லாத்தையும் விட பெரிய கூத்து எங்க சேல்ஸ் பொடியன் ஒருத்தன் செஞ்சது. சிலிக்கன்னு யாரோ சொன்னத கேட்டு ஹாட்வெயார் கடையில ஜன்னலுக்கு பூசுற சிலிக்கன வாங்கி சொக்கட்டுக்குள்ள பிதுக்கி விட்டுட்டான். அந்த வகை காயிறப்ப வினாகிரி வாசம் வரும், அது சும்மா வாசம் இல்ல, நெஜமாவே அசிட்டிக் அசிட்தான் வெளிய வருது, செம்ப அதுவே அரிக்கும். ரெண்டு மாசத்துல உள்ள முழுக்க பச்ச, கழட்டவும் ஏலாம ஒட்டிப்போய், பாஸ் வெட்டித்தான் எடுத்தாரு, ஏசுன ஏச்ச இங்க எழுத ஏலாது.

இப்ப கொறைகள். மொதல் கொற நேரம். காலைல ஒம்பது மணிக்கு குடுத்தா பின்னேரம் நாலு, அதுக்கும் ரெண்டு கெழம முன்ன சொல்லி வைக்கணும், என்ன மாதிரி பைக்க நம்பி ஓடுறவனுக்கு ஒரு நாள் ஓடர் போச்சி. ஒக்கார எடம் கெடையாது, மழ வந்தா அவரோட தகரத்துக்கு கீழ பைக்குக்குத்தான் எடம், நமக்கு இல்ல. பில்லு குடுக்க மாட்டாரு. மூணாவது, இதுதான் எனக்கு உண்மையிலயே கோவம் வந்தது, என் பைக்ல பழைய ஓனர் மாட்டுன அலாம் ஒண்ணு இருந்துச்சி, என்ட்ட ஒரு வார்த்த கேக்காம வெட்டி எடுத்துட்டாரு. கேட்டா, மெயின் வயர பிளேட்டால சீவி அதுல சுத்தி விட்டுருந்தாங்க, தண்ணியே அது வழியாத்தான் எறங்குதுன்னாரு. அவரு சொன்னது சரிதான், சீவுன எடத்த காட்டுனாரு, கறுத்து போயிருந்துச்சி, ஆனாலும் என் சாமான், கேட்டுட்டு வெட்டிருக்கலாம்.

இன்னொண்ணு, மொத தடவ ஹேன்டில் கழுத்துக்கிட்ட இருந்த எடது சிக்னல் சொக்கட்ட விட்டுட்டாரு, ஒரு மாசத்துல அது மட்டும் வேல செய்யாம போச்சி. திரும்ப போனப்ப காசு வாங்கல, தேத்தண்ணி வாங்கி குடுத்தாரு, மன்னிப்பு மட்டும் கேக்கல.

செலவு கூலி 4,500, கிளீனர், கிரீஸ், புது பின், கருகுன சொக்கட்டுக்கு பதிலா புதுசு எல்லாம் சேத்து இன்னொரு 1,900. நான் முன்ன கொட்டுன முப்பதாயிரத்தோட வச்சி பாத்தா வயிறு எரியுது.

ஒரு வருசம் ஆச்சி, போன வருசத்து தென்மேல் பருவ மழயோட மிச்சம், ஒக்டோபர் நவம்பர் இடி மழ, இந்த வருசம் மே மாசத்து தொடக்கம் எல்லாம் பாத்துருச்சி. சார்ஜ் இப்பவும் பெட்டரி முனையில 14.1 நிக்குது, நானே 2,000 ரூவாக்கு ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கி மாசத்துக்கு ஒருக்கா பாக்குறேன். ஹெட்லைட் பளிச்சின்னு இருக்கு, அதுல கொஞ்சம் புது பெட்டரியோட புண்ணியமாவும் இருக்கலாம், எல்லாத்தையும் பாஸ் கணக்குல எழுத மாட்டேன். மே மாசம் சீட்ட கழட்டி பாத்தப்ப சீட்டுக்கு கீழ இருந்தது எல்லாம் சுத்தம், கிரீஸ் போட்டது போட்டபடி, பின் மட்காட்டுக்குள்ள டயர் தண்ணி நேரா அடிக்கிற பின் லைட்டு சொக்கட் மட்டும் ஓரத்துல லேசா பச்ச கட்டிருந்துச்சி. அத நானே கிளீனர் அடிச்சி கிரீஸ் போட்டேன், பத்து நிமிசம்.

ஒரு விசயம் மட்டும் நான் மாத்திக்கிட்டேன், சேர்விஸ் ஸ்டேஷன்ல பிரஷர் குழாய சீட்டுக்கு கீழயும் ஹெட்லைட்டுக்கு பின்னாலயும் அடிக்க விடுறதில்ல. பொடியனுங்களுக்கு சேறு போகணும், அவ்வளவுதான், ஆனா மழ அந்த வேகத்துல ஒருநாளும் வராது, ரப்பர் சீல தாண்டி உள்ள போற தண்ணி அங்க அடிக்கிற தண்ணிதான்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு அலாமுக்கு. போறதா இருந்தா ரெண்டு கெழமக்கு முன்ன சொல்லி வைங்க, சாப்பாட்டு பார்சலும் கொடையும் கொண்டு போங்க, பைக்ல அலாம், கலர் லைட்டு, போன் சார்ஜர்னு நீங்களா மாட்டுனது ஏதும் இருந்தா சாவிய குடுக்குறப்பவே வாயத் தொறந்து சொல்லிருங்க, வெட்டுனதுக்கு அப்புறம் சொன்னா அவரு காதுல ஏறாது.